பொலிஸும் நீதிமன்றமும் இல்லையென்றால் கள்ளனை யார் பிடிப்பது?

கதியால்வேலி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டுக்கு இரவு பதினொரு மணிபோல் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் படலையை வாளால் கொத்தி, யன்னல் கண்ணாடி எல்லாம் அடித்து நொறுக்கி, முற்றத்தில் நின்ற ஸ்கூட்டிக்கு நெருப்பு வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாம் நாலைந்து நிமிடம்தான். நான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தபோது பிளாஸ்டிக் உருகி மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா ஒரு வாளித் தண்ணீரோடு கிட்டப் போகவும் ஏலாமல், விட்டுவிட்டு வரவும் மனமில்லாமல் நின்றார். முறைப்பாடு கொடுத்தாயிற்று. வந்து படம் எடுத்தார்கள், வாக்குமூலம் எழுதினார்கள், அதோடு சரி.

இதைப் பற்றி நண்பர்களோடு கதைக்கும்போது ஒருவன் சொன்னான், அரசாங்கம் என்ற ஒன்றே இல்லாவிட்டால் இதைவிட நன்றாக நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று. அம்மாவும் அதே மாதிரித்தான் சொல்லுவா: "பொலிஸ் இல்லாத காலத்தில கதவைத் திறந்து போட்டுட்டுப் படுத்தனாங்கள்." எனக்கு அது முழுக்க நம்பும்படியாகவும் இல்லை, தள்ளிவிடவும் முடியவில்லை.

ஆகவே உண்மையாகவே கேட்கிறேன். அரசு இல்லை, பொலிஸ் இல்லை, நீதவான் இல்லை, மறியற்சாலை இல்லை. களவு போனால் யார் தேடுவது? இவன்தான் என்று யார் முடிவெடுப்பது? முடிவெடுத்த பிறகு அவன் "போடா, மாட்டேன்" என்றால் என்ன செய்வது? கொலை என்றால்? சும்மா தத்துவமாக இல்லாமல், எங்கேயாவது நடந்ததை வைத்துச் சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

---

செம்பாட்டுமண் எழுதியது:

தம்பி, உங்கட அம்மா சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியையும் சொல்லத்தான் வேண்டும்.

1986 இல் எனக்குப் பதினான்கு வயது. இராணுவம் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் முடங்கிக் கிடந்தது, ஊர்ப் பக்கம் பொலிஸ் என்று ஒன்று இயங்கவில்லை. அந்த வருஷம் எங்கள் தோட்டக் கிணற்றடியில் பூட்டியிருந்த இறைப்பு மிசினை இரவோடு இரவாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெங்காயம் நட்டு மூன்று கிழமை. அந்தப் பயிருக்கு நாலு நாள் தண்ணீர் இல்லையென்றால் முடிந்தது. அம்மப்பா கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து, மிசின் இருந்த இடத்தில் எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன சீமெந்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். அவர் அழுது நான் கண்டதில்லை, அன்றைக்கும் அழவில்லை, ஆனால் அந்தக் கை நிற்கவே இல்லை.

யார் எடுத்தது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள்கூடத் தேவைப்படவில்லை. சின்ன ஊர். எவன் இரவில் பாரத்தோடு சைக்கிள் உருட்டினான், எவன் புதிதாக ஸ்பானர் இரவல் கேட்டான் என்று எல்லாம் ஒழுங்கைக்கு ஒழுங்கை கதை வந்து சேர்ந்துவிட்டது. எங்களுக்கு அடுத்த குறிச்சிப் பெடியன் ஒருவன், என்னைவிட நாலைந்து வயது மூப்பு. பின்னேரம் வாசிகசாலைத் திண்ணையில் இருந்து கதைத்தார்கள். இளைப்பாறிய வாத்தியார் ஒருவர், அம்மப்பா, பெடியனின் தகப்பன், இன்னும் ஐந்தாறு பேர். அடி இல்லை, தூசணம் இல்லை. மிசினைத் தகப்பனே கொண்டுவந்து பூட்டிக் கொடுக்க வேண்டும், அந்தப் போகம் முடியும்வரை பெடியன் எங்கள் தோட்டத்தில் இறைப்பு நாளெல்லாம் வந்து தண்ணீர் மாற வேண்டும். அவ்வளவுதான். அவன் வந்தான். முதல் இரண்டு தரம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கடைசியில் அம்மப்பாவோடு ஒரே செம்பில் தேத்தண்ணீர் குடித்தான்.

இது ஏன் சரிவந்தது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அந்தத் தகப்பனுக்கு எங்கள் பங்குக் கிணற்றில் தண்ணீர் முறை இருந்தது. அவர் மனைவி சீட்டுப் பிடித்தவர், சீட்டில் எங்கள் வீடும் ஒரு பங்கு. பெடியனுக்குத் தங்கச்சி இருந்தாள், நாளைக்குக் கலியாணம் பேச வேண்டும், களவெடுத்த குடும்பம் என்று பெயர் நின்றால் யார் வருவது? அதாவது "போடா, மாட்டேன்" என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. ஊரில் ஒவ்வொரு நூலும் அவர் கையைக் கட்டியிருந்தது. நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான்.

இனி மற்றப் பாதி. அதே காலத்தில் வாசிகசாலைக்குப் போகாமல் ஆயுத இயக்கங்களிடம் போய்ச் சொன்னவர்களும் இருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் லைட் போஸ்டில் கட்டிச் சுட்டிருந்த ஒருவரைக் கண்டேன். கழுத்தில் மட்டை தொங்கியது, "சமூக விரோதி" என்று. என்ன செய்தார் என்று மட்டையில் இல்லை. ஒரு கால் செருப்பு கழன்று ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. களவு என்று ஒருவர் சொன்னார், காட்டிக்கொடுப்பு என்று இன்னொருவர் சொன்னார், காணிப் பிரச்சினையில் யாரோ போட்டுக் கொடுத்தது என்று பிறகொரு கதை வந்தது. விசாரித்தது யார், சாட்சி யார், அவர் தன் பக்கம் ஏதாவது சொன்னாரா, ஒன்றும் தெரியாது. அப்படி எத்தனையோ பேர்.

அதனால் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் படுத்தது உண்மை. ஏன் அப்படிப் படுக்க முடிந்தது என்பதில் வாசிகசாலைத் திண்ணைக்கும் பங்கு உண்டு, அந்த லைட் போஸ்டுக்கும் பங்கு உண்டு.

---

நூலகத்து_மேசை எழுதியது:

செம்பாட்டுமண் அண்ணை எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் சட்டம் படிக்கிறவள், இந்தக் கேள்வி எனக்கு நெடுநாளாகவே உண்டு, அதனால் வெளியில் நடந்த இரண்டு மூன்றைச் சொல்கிறேன்.

ஐஸ்லாந்தில் 930 அளவிலிருந்து 1262 வரை அரசன் இல்லை, படை இல்லை, பொலிஸ் இல்லை. சட்டம் இருந்தது, மன்றமும் இருந்தது. கோடையில் எல்லாரும் ஒரு வெளியில் கூடுவார்கள். சட்டம் சொல்பவர் என்று ஒருவர், எழுத்து வருமுன் முழுச் சட்டத்தையும் மனப்பாடமாக வைத்திருந்து வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்காகச் சபையில் ஒப்புவிப்பார். தீர்ப்பு வந்துவிடும். ஆனால் அதை நிறைவேற்ற அரச ஆள் ஒருவர்கூட இல்லை, வென்றவரே செய்துகொள்ள வேண்டும். கொலைக்கும் பெரும்பாலும் நட்டஈடுதான். கொடுக்க மறுத்தால், அல்லது குற்றம் மிகப் பெரிதென்றால், சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். சிறியது மூன்று வருஷம் நாடு கடந்து போய் இருப்பது. பெரியது என்றால் அந்த ஆளுக்கு ஒருவரும் சாப்பாடு கொடுக்கக் கூடாது, படுக்க இடம் கொடுக்கக் கூடாது, கப்பலில் ஏற்றக் கூடாது, யாராவது கொன்றாலும் அதற்கு வழக்கில்லை. அந்தக் குளிரில் ஒரு வீட்டுக் கதவும் திறக்காது என்றால் அதைவிடப் பெரிய மறியல் வேண்டுமா?

தென் சூடானில் நூவர் மக்களிடம் வேறு மாதிரி. கொலை செய்தவன் சிறுத்தைத் தோல் போர்த்திய நடுவர் வீட்டுக்கு ஓடிப்போய் அடைக்கலம் தேடுவான். அந்த நடுவருக்குக் கட்டளையிடும் அதிகாரம் ஒன்றும் கிடையாது. அங்குமிங்கும் நடந்து, கோபம் ஆறும்வரை பொறுத்து, இத்தனை மாடு என்று பேசி முடிப்பார். இறந்தவரின் உறவுக்காரர் முதலில் முடியாது என்றுதான் நிற்பார்கள், நிற்கவும் வேண்டும், இல்லையென்றால் செத்தவனுக்கு மரியாதையில்லை. நடுவர் விடாமல் கேட்டபிறகுதான் இறங்கி வருவார்கள்.

சோமாலியாவில் 1991 ஜனவரியில் அரசு விழுந்த பிறகு பல இடங்களில் நியாயம் சொன்னது பெரியவர்களின் வழமைச் சட்டம்தான். ஓர் ஆணைக் கொன்றால் 100 ஒட்டகம் என்பது வழமைக் கணக்கு. அதைக் கொலைகாரன் தனியாகக் கட்டுவதில்லை, அவனுடைய கூட்டம் முழுவதும் பங்கு போட்டுக் கட்டும். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தன் ஒட்டகமும் போகும் என்றால், சண்டித்தனம் செய்கிற தம்பியை அண்ணனே முதலில் பிடித்து இருத்துவான். வாசிகசாலையில் பெடியனின் தகப்பனைக் கூப்பிட்டு இருத்தியதும் இதே கணக்கில்தான் என்று நினைக்கிறேன்.

இவை எல்லாவற்றிலும் குற்றம் என்பது ஒரு கடன். உனக்கு நட்டம் வைத்தேன், உனக்குத் திருப்பித் தர வேண்டும். இப்போதைய முறையில் அந்தக் கடன் அரசுக்குப் போய்விடுகிறது. தண்டப்பணம் அரசுக்கு, மறியல் அரசுக்கு, வழக்கின் பெயர்கூட அரசின் பெயரில். ஸ்கூட்டி எரிந்த அந்த அம்மா வழக்கில் வெறும் சாட்சி. நட்டஈடு கட்டச் சொல்லக் கோட்டுக்கு அதிகாரம் இருந்தாலும் அது ஓரத்தில்தான் வரும். எனக்கு இதுதான் மிகவும் உறுத்துகிற விஷயம்.

---

வாடியோரம் எழுதியது:

நான் வடமராட்சிக் கரையோரம், தொழிலுக்குப் போகிறவன். தங்கச்சி ஐஸ்லாந்துக்குப் போய்விட்டா, நான் எங்கள் சங்கத்தோடு நிற்கிறேன்.

எங்கள் கரையில் ஒருவன் மற்றவன் வலையை அறுத்தாலோ, விடக்கூடாத வலையை விட்டாலோ முதலில் பொலிஸுக்குப் போவதில்லை. கடற்றொழிலாளர் சங்கத்தில் கூப்பிட்டுக் கேட்பார்கள். தண்டம் கட்டு என்பார்கள். கட்டாவிட்டால் இத்தனை நாள் தொழிலுக்கு இறங்காதே என்பார்கள். இறங்கினால் அவன் படகைத் தள்ளிவிட ஒருவரும் கை கொடுக்கமாட்டார்கள், பிடித்த மீனையும் கரையில் வாங்கமாட்டார்கள். ஒரு முறை தங்கூசி வலை விட்ட என் சொந்த மச்சானுக்கே நானும் கையை உயர்த்தித்தான் தண்டம் போட்டோம். வீட்டில் ஒரு மாதம் மனைவி கதைக்கவில்லை. ஆனால் அவன் அதற்குப் பிறகு விடவில்லை. அவனுக்குத் தெரியும், எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டால் கயிறு போட்டு இழுத்து வரப் போவது இதே ஆட்கள்தான்.

சரி, இது உள்ளுக்குள். இரவில் இந்தியப் பக்கத்திலிருந்து இழுவைப் படகு வந்து வலையை வாரிக்கொண்டு போனால்? அந்தப் படகுக்காரனுக்கு எங்கள் சங்கம் யார்? அவனுக்கு நாங்கள் கயிறு போட வேண்டிய நாள் வராது, எங்கள் கரையில் பெண் எடுக்கப் போவதில்லை, மீன் விற்கப் போவதில்லை. இங்கே இழுவை மடியை 2017 இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், அதற்காக எங்கள் ஆட்கள் எத்தனை வருஷம் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அரசு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. விடியக் காலையில் மிதவை மட்டும் மிதக்க, கீழே வலை இல்லாமல் வெறும் கயிற்றை இழுத்துப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்.

தம்பி, உங்கள் ஒழுங்கைக்கு வந்த வாள்காரரும் இழுவைப் படகு மாதிரித்தான். வேறு ஊர்ப் பெடியள், முகத்தை மூடிக்கொண்டு வருவான்கள். யாருடைய தகப்பனை வாசிகசாலைக்குக் கூப்பிடுவீர்கள்?

---

படலைக்குள் எழுதியது:

எல்லாரும் ஊர் தீர்த்து வைத்த கதையைச் சொல்கிறீர்கள். ஊர் தீர்த்து வைத்த ஒரு கதையை நானும் சொல்கிறேன்.

என் சித்திக்கு அவருடைய புருஷன் அடிப்பார். மூன்று தரம் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தா. மூன்று தரமும் பெரியவர்கள் கூடினார்கள், அதே மரியாதை, அதே நிதானம், தேத்தண்ணீர் எல்லாம் கொடுத்து. மூன்று தரமும் "இனிமேல் அடிக்கமாட்டன்" என்று அவர் சொன்னார், சித்தியைப் பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். கூடியவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லை. என் அப்பாவும் அதில் இருந்தார். அவர்களுக்குக் குடும்பம் உடையக் கூடாது, அதுதான் தீர்ப்பு. சித்தியிடம் "உனக்கு என்ன வேணும்" என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ குசினி வாசலில் நின்றா, தலைமயிரை முன்னுக்கு இழுத்துக் காதடியை மறைத்துக்கொண்டு. நாலாம் தரம் சித்தி ஊருக்குச் சொல்லவில்லை. 2005 இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நேரே நீதவானிடம் போய்ப் பாதுகாப்புக் கட்டளை எடுத்தா. ஊர் அவவைத்தான் திட்டியது.

நூலகத்து_மேசை தங்கச்சி, அந்தச் சோமாலியக் கணக்கில் பெண்ணுக்கு எத்தனை ஒட்டகம் என்று நீர் எழுதவில்லை. 50. பலாத்காரம் செய்தவனுக்கே பெண்ணைக் கட்டிக் கொடுத்து இரண்டு கூட்டமும் சமாதானமாகப் போன வழக்குகளும் அங்கே இருக்கின்றன. கடன் என்று சொன்னீர். யாருக்குக் கடன்? அவளுடைய ஆண்களுக்கு.

சாதியையும் ஒருவரும் தொடவில்லை. ஊர்க்கட்டுப்பாடு என்று நாங்கள் பெருமையாகச் சொல்வது யாரைக் கட்டிப்போட்டது? கிணற்றில் அள்ளக் கூடாது, கோயிலுக்குள் வரக் கூடாது, சால்வையைத் தோளில் போடக் கூடாது. மீறினால் வீடு எரியும். அதைச் செய்தவர்கள் தங்களைக் குற்றவாளி என்று நினைக்கவில்லை, தண்டனை கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தார்கள். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும்கூட 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் சனங்கள் உள்ளே விடச் சொல்லிச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. அந்தச் சட்டம் பெரிதாக வேலை செய்யவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊருக்கு வெளியே பிடித்து நிற்க ஒரு கொப்பாவது இருந்தது. ஊரே கடைசி நீதிமன்றம் என்றால் அந்தக் கொப்பும் இல்லை.

அரசில் எனக்கும் நம்பிக்கை இல்லை, எங்கள் சனத்துக்கு அரசு செய்ததை நான் மறக்கவில்லை. ஆனால் பின்னால் நிற்க ஆள் இல்லாதவர் எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கதை ஓடாது.

---

நூலகத்து_மேசை எழுதியது:

அக்கா, 50 என்பதை நான் எழுதாமல் விட்டது பிழை. எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு ஐஸ்லாந்தில் ஒரு பாதிப் பதில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வழக்கு ஒரு சொத்து மாதிரி. பலமில்லாத ஒருவர், தனக்கு நடந்த அநியாயத்துக்கான உரிமையைப் பலமுள்ள இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்கலாம். அவர் தன் வழக்காக எடுத்து நடத்துவார், வரும் நட்டஈட்டில் அவருக்கும் பங்கு. ஆதரவில்லாத கிழவரை அடித்துவிட்டு ஓட முடியாது, நாளைக்கு அந்த அடிக்குச் சொந்தக்காரராக வேறு யாரோ வந்து நிற்பார்.

அது உடைந்த விதமும் முக்கியம். தலைவர் பதவியும் அங்கே வாங்கலாம், விற்கலாம். தொடக்கத்தில் நிறையத் தலைவர்கள், பிடிக்காவிட்டால் வேறு தலைவரிடம் போகலாம். 1200 களில் பதவிகள் ஒரு சில குடும்பங்களின் கைக்குள் போய்விட்டன. போக இடமில்லை, சண்டை பெருத்தது, கடைசியில் 1262 இல் நோர்வே அரசனை ஏற்றுக்கொண்டார்கள்.

---

செம்பாட்டுமண் எழுதியது:

படலைக்குள் எழுதிய பிள்ளைக்கு: நான் சொன்ன வாசிகசாலைத் திண்ணையிலும் ஒரு பெண்ணும் இருக்கவில்லை. அந்த மிசினைக் களவெடுத்த பெடியன் வேறு சாதி என்றால் அடி இல்லாமல் முடிந்திருக்குமா என்று உங்கள் எழுத்தை வாசித்தபிறகு யோசித்தேன். முடிந்திராது.

போக இடமில்லாமல் போனது என்று தங்கச்சி எழுதியதும் எங்களுக்கு நடந்ததுதான். 86 இல் நிறைய இயக்கங்கள், யாரிடம் போய்ச் சொல்வது என்று சனம் தெரிந்தெடுத்த காலம். பிறகு ஒன்றுதான் மிஞ்சியது. 1990 இல் இந்திய இராணுவம் போனபிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே புலிகள் காவல்துறை வைத்தார்கள், நீதிமன்றம் வைத்தார்கள். அரசு இல்லாத காலம் என்று நாங்கள் சொல்கிற அந்த இடைவெளி உண்மையில் மிகவும் குறுகியது. ஆயுதம் வைத்திருந்தவன் அரசாகிவிட்டான். தம்பியின் நண்பனிடம் கேட்டுப் பாருங்கள், அரசை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் அடுத்தவன் வந்து குந்தாமல் யார் பார்த்துக்கொள்வது என்று.

நான் கண்டவரை இப்போது கொஞ்சமாவது கிட்ட வருவது இணக்கசபைதான். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, அரசு அமைத்ததுதான், ஆனால் கட்டளை போட அதிகாரம் இல்லை. சட்டத்தரணி இல்லாமல் இரண்டு பக்கமும் மேசைக்கு வரும். இணங்கினால் சரி, இல்லையென்றால் கடிதத்தை வாங்கிக்கொண்டு கோட்டுக்குப் போகலாம். வேலிச் சண்டை, கடன், சின்ன அடிபிடி எல்லாம் அங்கே முடிந்து நான் கண்டிருக்கிறேன். வாள்வெட்டு அங்கே போகாது, போகவும் கூடாது.

---

கதியால்வேலி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

வாடியோரம் அண்ணை சொன்ன இழுவைப் படகு உவமை இரவு முழுக்க மண்டைக்குள் நின்றது. ஆனால் ஒன்று. வந்தவர்கள் வெளி ஊர் என்றாலும், அந்த வீட்டை அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தவன் எங்கள் ஒழுங்கையை அறிந்தவன். அது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. முறைப்பாட்டிலும் அது இல்லை. பொலிஸ் ஒன்றும் செய்யவில்லை என்று நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், நாங்கள் தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருக்கிறோம்.

ஒழுங்கையில் விழிப்புக் குழு என்று ஒன்று தொடங்கியிருக்கிறோம். மூன்று மூன்று பேராக இரவில் முறை வைத்து இருப்பது, ஏதாவது என்றால் எல்லா வீட்டு போனும் அடிப்பது, அவ்வளவுதான் இப்போதைக்கு. பிடித்தால் அடிப்பதா, பொலிஸில் கொடுப்பதா என்று நேற்றுக் கதை வந்தது, இளம் பெடியள் அடிப்போம் என்றுதான் நிற்கிறார்கள். செம்பாட்டுமண் அண்ணை எழுதியதை அவர்களுக்கு அப்படியே வாசித்துக் காட்டலாமா?

---

செம்பாட்டுமண் எழுதியது:

வாசியுங்கோ தம்பி. அந்தச் செருப்பையும் விடாமல் வாசியுங்கோ.

---

படலைக்குள் எழுதியது:

உங்கள் குழுவில் எத்தனை பேர்? அதில் பெண்கள் எத்தனை பேர்? ஸ்கூட்டி எரிந்த அந்த அம்மாவைக் கூப்பிட்டீர்களா?

---

கதியால்வேலி எழுதியது:

பதினெட்டுப் பேர். பெண்கள் ஒருவரும் இல்லை. அந்த அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை அக்கா.

இன்று எட்டு மணிக்குக் கூட்டம். ஏழரைக்கு அவர் வீட்டுக்குப் போகிறேன்.